சாயங்கால மாத்திரை

கொழும்பு
17.08.2003

கஸ்தூரி அப்பாவுக்கு வினோதா எழுதுவது.

இது நாலாவது கடிதம். முந்தின மூன்றுக்கும் பதில் இல்லை. ஏழு மாதமாகச் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. போன வாரம் லிந்துலை பஸ் ஓட்டுகிற முத்துலிங்கம் அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டு, நான் தங்கியிருக்கிற இந்தச் சிஸ்டர்மார் மடத்துக்கே வந்து என்னைப் பார்த்தார். நுவரெலியாவில் உங்கள் இரத்தத்தையும் சோதித்தார்கள், உங்களுக்கும் இருக்கிறது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

யாரைக் குறை சொல்ல? மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. லீவில் வந்து உங்களோடு இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனேன். விசா புதுப்பிக்கச் சோதித்தபோது இருக்கிறது என்று சொல்லி, மறுநாளே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லீவில் வந்து அதை உங்களுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். இதற்கு மேல் நான் என்ன எழுத?

ஆனாலும் ஒன்று மனதில் ஆறவே இல்லை. எனக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று ஏஜென்சிக்காரன் அனுப்பிய காகிதம் எனக்கு முன்னால் தோட்ட ஆபீசுக்கு வந்து, கிளார்க்கு படித்து, லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்து, நான் வந்து இறங்கும்போது என் பெட்டி நம் காம்பரா வாசலுக்கு வெளியே கிடந்தது. நீங்கள் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வாளியோடு நின்றீர்கள். தண்ணீர் நிரம்பி வழிந்தது. நீங்கள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள். இந்த நோய் உள்ள நூற்றிருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். என் நம்பர் 47. தோட்டத்தில் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகியவள் நான். இங்கே வாசிக்காமல் போட விடமாட்டேன் என்கிறார்கள். புனிதவதி மிஸ் என்று யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தர், பன்னிரண்டு பக்கத்தையும் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினார். கடைசியில், "பிள்ளை, இது பரிசோதனை மருந்து. சுகப்படுத்தும் எண்டு நாங்கள் சத்தியம் பண்ணேல்லை. உமக்கு விருப்பமில்லாட்டி எப்பவும் விலகலாம். ஆனா எடுக்கிறதெண்டா காலமையும் பின்னேரமும் ஒரு நேரம்கூடத் தவறக் கூடாது" என்றார்.

சம்மதித்துவிட்டேன். கஸ்தூரிக்கு ஒன்பது வயது. அவள் பெரிய பிள்ளையாகும்வரையாவது இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. அவளுக்கு நோய் இல்லை என்று சோதித்துச் சொன்ன நாள் ஒன்றுதான் இந்த வருஷத்தில் எனக்கு நல்ல நாள். அவள் என்னைப் பற்றிக் கேட்கிறாளா? அதையாவது எழுதுங்கள்.

வினோதா


மேல்பிரிவு, லிந்துலை
05.09.2003

வினோதா,

ஆபீஸ் விலாசத்துக்கு இனி எழுதாதே. உன் கடிதம் ஒவ்வொன்றையும் கிளார்க்கு செல்லசாமி பிரித்துப் படித்துவிட்டு, பசை தடவி ஒட்டி, காலைப் பெரட்டில் எல்லோரும் வேலைக்கு நிற்கும்போது என் பேரைக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். என் கைக்கு வரும்போது ஒட்டின இடம் இன்னும் ஈரமாக இருக்கிறது. கங்காணி என் முகத்தைப் பார்க்கிறார். பொம்பளை ஆட்கள் "பாவம் யோகேஸ்வரன்" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்கிறார்கள். இனி லிந்துலை டவுனில் மாயாண்டி அண்ணன் சலூன் விலாசத்துக்குப் போடு. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

கஸ்தூரி என் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டுப் படுக்கிறாள். நீ கேட்டதால் எழுதுகிறேன், வருத்தப்படாதே. உன் பேச்சை எடுத்தால், "அம்மாவப் பத்திச் சொல்லாதீங்கப்பா, ஸ்கூல்ல எல்லாரும் கேக்குறாங்க" என்கிறாள். மீனம்மா அக்கா அதட்டினாலும் கேட்பதில்லை.

எனக்கு உடம்பு சரியில்லை. நாற்பத்து மூன்று கிலோ. பெல்ட்டில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டாயிற்று. தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்க முடியவில்லை, தோட்டத் தொரை புல்வெட்டுக்கு மாற்றிவிட்டார். நுவரெலியா டாக்டர் இந்த நோய்க்கு இங்கே மருந்து இல்லை, நல்லாச் சாப்பிடு என்று சிங்களத்தில் சொன்னார். சாப்பிடத்தானே முடியவில்லை.

உங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு ஆளைச் சேர்க்க மாட்டார்களா?

நமக்குக் கலியாணமான புதிதில் உனக்குக் காய்ச்சல் வந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் பேர் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் ஏறியிருக்கவில்லை, பேர் இல்லாத ஆளுக்குத் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து இல்லை. நான் போய் எனக்குத்தான் காய்ச்சல் என்று அந்தச் சிவப்பு மருந்தை வாங்கி வந்து உனக்குக் கொடுத்தேன். லயத்தில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? ஒருத்தர் பேரில் வாங்கினதை எத்தனை பேர் குடித்திருக்கிறோம். சும்மா நினைப்பு வந்தது, எழுதினேன்.

யோகேஸ்வரன்


கொழும்பு
28.09.2003

கஸ்தூரி அப்பாவுக்கு,

நீங்கள் சும்மா நினைத்து எழுதுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தினவள்தானே.

புனிதவதி மிஸ்ஸிடம் கேட்டேன். பேர் எடுப்பது முடிந்துவிட்டது. முடியாவிட்டாலும் இவ்வளவு மெலிந்த ஆளைச் சேர்க்க மாட்டார்களாம். "எனக்கு விளங்குது பிள்ளை, ஆனா என்ர கையில ஒண்டும் இல்லை" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நோய் குறைவாக உள்ளவர்களுக்கு மருந்து கொடுப்பார்களாம், சாகக் கிடக்கிறவருக்கு இல்லையாம்.

ஒரு வாரம் யோசித்தேன். காலையில் மூன்று மாத்திரை, சாயங்காலம் மூன்று மாத்திரை தருகிறார்கள். நேற்றிலிருந்து காலை மாத்திரையை மட்டும் நான் போடுகிறேன். சாயங்கால மாத்திரை உங்களுக்கு. கொத்தமல்லி பாக்கெட்டுக்குள் வைத்துத் தைத்து முத்துலிங்கம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். கொத்தமல்லி என்றுதான் அவரிடம் சொன்னேன், நீங்களும் அப்படியே இருங்கள். மாதம் ஒருமுறை வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சம் இருக்கிறதா என்று எண்ணுவார்கள், யார் வயிற்றுக்குள் போனது என்று எப்படி எண்ணுவார்கள்?

பாதி மருந்து பாதி வேலையாவது செய்யும். சிவப்பு மருந்தில் பாதி குடித்துத்தானே எனக்குக் காய்ச்சல் நின்றது. நான் கொண்டுவந்த நோய், என் மருந்தில் பாதி உங்களுக்கு வருவதுதான் நியாயம். மறுக்காமல் போடுங்கள்.

கஸ்தூரியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இதோடு அவளுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன். அக்கா வாங்கித் தந்தது என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் போடமாட்டாள்.

வினோதா


லிந்துலை
20.01.2004

வினோதா,

கொத்தமல்லி நாலு தடவையும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. முதல் மாதம் தலைசுற்றலும் வாந்தியும். பிறகு பசி வந்தது பார், அக்கா சட்டியைச் சுரண்டிக்கொண்டு திட்டுகிற அளவுக்குச் சாப்பிடுகிறேன். இப்போது ஐம்பது கிலோ. பொங்கலுக்கு மறுநாள் மறுபடியும் கவ்வாத்து மலைக்குப் போனேன். கங்காணி ஆச்சரியப்பட்டு, "என்னாப்பா, எந்தக் கோயில்ல நேந்துக்கிட்ட?" என்று கேட்டார். ராகலைப் பக்கம் ஒரு கோயில் என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

கஸ்தூரி கணக்கில் எண்பத்தாறு மார்க். நீ தைத்த சட்டையைத்தான் பொங்கலுக்குப் போட்டாள். கழுத்தில் பூவேலை யார் செய்தது அத்தை என்று அக்காவைக் கேட்டாளாம். அக்கா சமாளித்திருக்கிறார்.

நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் கையெழுத்து கோணலாக இருந்தது. பஸ்ஸில் வைத்து எழுதினாயா?

உனக்கு இன்னொன்றும் எழுத வேண்டும். கீழே எழுதி அடித்திருக்கிறேன், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. பேனா சரியில்லை. அடுத்த முறை எழுதுகிறேன்.

யோகேஸ்வரன்


கொழும்பு
10.05.2004

கஸ்தூரி அப்பாவுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "வினோதா, நான்" என்பதோடு நிற்கிறது. இவ்வளவுக்கு ஒரு பேனாவைக் குறை சொல்ல வேண்டுமா?

எனக்கு நல்லாயில்லை. முதல் இரண்டு மாதம் இரத்தத்தில் கிருமி குறைந்தது. அப்புறம் ஏறத் தொடங்கியது, இப்போது மருந்துக்கு முன்னால் இருந்ததைவிட அதிகம். வாயெல்லாம் புண். தையல் மெஷினில் அரை மணித்தியாலம் உட்கார முடியவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் தேறுகிறார்கள். நீர்கொழும்புக்காரி ஒருத்தி இருக்கிறாள், என்னை மாதிரியே ஒல்லியாக வந்தவள், இப்போது கன்னம் வைத்துவிட்டாள். பார்க்கவே வயிறு எரிகிறது. அப்படி எரிவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

புனிதவதி மிஸ் முந்தாநாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "வினோதா, உம்மட ரத்தத்தில மருந்து இருக்கவேண்டிய அளவு இல்லை. எனக்கு உண்மையைச் சொல்லும். குளிசையை எறியிறீரா?" நான் சாமி சத்தியமாக இல்லை என்றேன். எறியவில்லை, அது உண்மைதானே. அந்த மனுஷியிடம் பொய் சொன்னதுதான் எனக்கு உடம்பு வலியைவிடப் பெரிதாக இருக்கிறது.

இந்த மாதப் பாக்கெட்டையும் அனுப்புகிறேன். ஒருவர் தேறினால் போதும், கஸ்தூரிக்கு ஒரு ஆள் வேண்டும்.

நீங்கள் கேட்காததையும் இன்று எழுதிவிடுகிறேன். இனி ஒளித்து என்ன ஆகப் போகிறது? நான் வேலை செய்த வீட்டில் மேடத்தின் தம்பி ஒருவன் இருந்தான். இரண்டாவது வருஷம் ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது சமையலறைக் கதவைப் பூட்டிவிட்டான். கத்தினேன், யாருக்குக் கேட்கும்? மேடத்திடம் சொன்னதற்கு என்னை அடித்தார்கள். அவனிடமிருந்துதான் இது வந்தது. நானாகத் தேடிப் போகவில்லை. இதைச் சொன்னால் நீங்கள் என்னைத் தொடமாட்டீர்கள் என்று பயந்து லீவில் வந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்த நோய் வந்திருக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.

வினோதா


லிந்துலை
02.06.2004

வினோதா,

உன் கடிதத்தை மாயாண்டி அண்ணன் சலூனில் நின்றபடியே படித்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன். இனி அனுப்பாதே. எல்லா மாத்திரையையும் நீயே போடு.

ஜனவரியில் எழுதி அடித்ததை இப்போது எழுதுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு வரவில்லை.

நீ போன முதல் வருஷம் நான் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நின்றேன் அல்லவா? அங்கே இருந்த பையன்களோடு சேர்ந்து சில இடங்களுக்குப் போனேன். என்ன இடம் என்று உனக்கு எழுதத் தேவையில்லை. அடுத்த வருஷம் தோட்டத்துக்கு வந்ததும் மீனம்மா அக்காவுக்கு ஒப்பரேசன் செய்தார்கள், நான் இரத்தம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். உன் இரத்தத்தில் இந்தக் கிருமி இருக்கிறது, மனைவியிடம் சொல், கவனமாக இரு என்றார்கள். 2001 மார்ச் மாதம். நீ லீவில் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

எனக்குத் தெரியும் வினோதா. தெரிந்துகொண்டேதான் உன்னோடு இருந்தேன். முதல் நாளே சொல்லத்தான் நினைத்தேன். நீ பெட்டியைத் திறந்து எனக்கு வாங்கிய சட்டையை எடுத்துக் காட்டினாய், வாய் வரவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படியே இரண்டு மாதமும் போய்விட்டது.

நீ திரும்பி வந்த அன்று எல்லோரும் உன்னைத் திட்டினார்கள். நான் பீலியடியில் நின்றேன். வாயைத் திறந்தால் என் பெட்டியும் வெளியே போயிருக்கும். அவர்களே உன்மேல் பழியைப் போட்டுவிட்டார்கள், எனக்குச் சுலபமாகிவிட்டது. போன வருஷம் புதிதாகச் சோதித்த மாதிரி எல்லோரிடமும் சொன்னேன். உன் பங்கு மாத்திரையை எட்டு மாதம் தின்றேன். ஒவ்வொரு சாயங்காலமும் விழுங்கும்போது சொல்ல நினைப்பேன், உடம்பு தேறித் தேறி வர நினைப்பும் குறைந்துவிட்டது. நான் மனுஷன் இல்லை.

நீ சொன்னால் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்லுகிறேன்.

யோகேஸ்வரன்


லிந்துலை
30.08.2004

வினோதா,

பதில் இல்லை. முத்துலிங்கம் அண்ணனிடம் கேட்டால், "தங்கச்சி உங்க பேர எடுத்தாலே எந்திரிச்சு உள்ள போயிருது" என்கிறார்.

மாத்திரையை விட்டதிலிருந்து மறுபடியும் மெலிகிறேன். அதற்காக எழுதவில்லை. பெரட்டில் சொல்லப் போனேன். மூன்று நாள் போனேன். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் தொரை வந்துவிட்டார். மூன்றாம் நாள் கஸ்தூரி ஸ்கூல் போகிற வழியில் நின்று எனக்குக் கையைக் காட்டினாள். திரும்பி வந்துவிட்டேன். அவளுக்கு இப்போது நான் ஒருத்தன்தான் நல்லவன். அதையும் கெடுக்க வேண்டுமா என்று நீயே சொல்.

யோகேஸ்வரன்


யோகேஸ்வரன், மேல்பிரிவு,
தோட்டக் காரியாலயம், லிந்துலை

கொழும்பு
21.11.2004

யோகேஸ்வரனுக்கு,

ஜூன் மாதம் உங்கள் கடிதத்தைப் புனிதவதி மிஸ்ஸிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்தேன். பாதி மாத்திரை எங்கே போனது என்பதையும் சொன்னேன். எனக்கு ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதார். "ஐயோ பிள்ளை, இது காய்ச்சல் மருந்தே, பங்கு போட்டுக் குடிக்க? அரைவாசி மருந்தில கிருமி சாகாது, மருந்தைப் பழகிப்போடும். ஏன் பங்குபோடக் கூடாதெண்டு நான் உமக்கு விளக்கமாச் சொல்லியிருக்க வேணும்" என்றார். அவர் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நான்தான் உங்களுக்குக் கடன்பட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

என்னைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம்பர் 47க்கு எதிரில் மருந்து பலிக்கவில்லை என்று எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன். மருந்து பாவம், நல்ல மருந்து. முழுசாகப் போட்டவர்களில் அநேகம் பேர் நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் திருப்பி அனுப்பிய மாத்திரைகளை எரிக்கிற வாளிக்குள் போட்டார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அரசாங்கமே இந்த நோய்க்கு மருந்து கொடுக்கப் போகிறதாம். எல்லோருக்கும், இலவசமாக. ஆனால் அதில் முக்கியமானது நான் போட்ட மருந்தின் இனம்தானாம். என் உடம்பில் இருக்கிற கிருமிக்கு அது இனிமேல் வெறும் சுண்ணாம்பு. உங்களுக்கும் அப்படியேதான் இருக்கும் என்று மிஸ் சொல்கிறார். ஒரு வருஷம் யாரும் யாருக்கும் பங்கு கொடுக்காமல் இருந்திருந்தால், நீங்கள் அந்தப் பீலியடியில் வாயைத் திறந்திருந்தால், நானாவது கஸ்தூரிக்கு மிஞ்சியிருப்பேன். வேறு இனத்து மருந்து இந்த நாட்டுக்கு வரும்வரை என் உடம்பு தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார்.

உங்களை மன்னிக்க எனக்கு முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். சிஸ்டர்மார் ஜெபிக்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். வாளி நிரம்பி வழிந்ததுதான் கண்முன்னால் வருகிறது.

கஸ்தூரிக்கு நீங்கள் ஒருத்தர்தான் நல்லவர் என்று எழுதியிருந்தீர்கள். அவள் என்னை வெறுக்க வெறுக்கத்தான் நீங்கள் நல்லவர். இரண்டு வருஷம் அந்த லயம் அவளுக்கு ஒரு கதை சொன்னது. பெரட்டில் நின்று சொல்ல உங்களுக்கு மழையும் தொரையும் தடை. எனக்கு எழுந்து அங்கே வர உடம்பு இல்லை. சிஸ்டர்மார் அவளைத் தங்கள் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைக்கச் சம்மதித்துவிட்டார்கள். டிசம்பர் லீவுக்கு மீனம்மா அக்கா கூட்டி வருவார். வர மாட்டேன் என்று அவள் சொன்னாலும் சொல்லட்டும். எது உண்மை என்று தெரிந்த பிறகு சொல்லட்டும்.

அதனால்தான் இதைச் சலூன் விலாசத்துக்குப் போடவில்லை. நீங்கள் ஜூன் மாதம் எழுதிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

செல்லசாமி ஐயா, இதை முதலில் பிரிப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். யோகேஸ்வரன் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமானது, செக்ரோலோடு ஒத்துப் பாருங்கள். ஏஜென்சிக் காகிதத்தை எப்படி ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொன்னீர்களோ, அப்படியே இதையும் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், வழக்கம்போல ஒட்டி, பெரட்டில் அவர் பேரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வினோதா